மண்டபம் கரையில் கிடைக்கும் பழுப்புக் கடற்பாசிகளை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி இதுதான்: மண்டபம், பாம்பன் பக்கம் கரையில் சேகரித்த பழுப்புப் பாசிகள் பத்துப் பதினைந்து கையில் இருக்கின்றன. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி ஒன்றுபோலத் தெரிகிறது, மீதி எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. சிற்றினம் வரை பெயர் சொல்ல என்ன வழி?

படத்தோடு ஒப்பிடுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். பழுப்புப் பாசி எந்தப் பாறையில் வளர்ந்தது, அலை எவ்வளவு அடித்தது, மீன் மேய்ந்ததா, வயது என்ன என்பதையெல்லாம் பொறுத்து வடிவம் மாறும். மாறாதவை நான்கு: நுனி எப்படி வளர்கிறது, குறுக்கே வெட்டினால் எத்தனை அடுக்குச் செல்கள், இனப்பெருக்க உறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது, அடிப்பற்று, அதாவது பாறையைப் பற்றும் அடிப்பகுதி, எப்படிப்பட்டது. கையில் 10 மடங்கு கைலென்சும் புது பிளேடும், வீட்டிலோ கல்லூரியிலோ ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப்பும் இருந்தால் இந்த நான்கையும் பார்த்துவிடலாம்.

முதலில் அது பழுப்புப் பாசிதானா என்று உறுதி செய்யுங்கள். ஃபியூகோசாந்தின் என்ற நிறமி பச்சையத்தை மூடுவதால் பழுப்பு வருகிறது. ஆனால் ஆழமில்லாத இடத்தில் வெயிலில் வளரும் சிவப்புப் பாசிகளும் வைக்கோல் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறிவிடும். கிராசிலேரியா, அகாந்தோபோரா, ஹிப்னியா, லாரன்சியா எல்லாம் இப்படி ஏமாற்றுபவை. சுடுநீரில் போட்டால் பச்சையாக மாறுவது பழுப்புப் பாசி என்று பலர் சொல்வார்கள். மாறுவது உண்மைதான், ஆனால் சூடு பட்டால் சிவப்புப் பாசி பலவும் பச்சையாகிவிடுகிறது. அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பதிலாக ஒரு சிறு துண்டை நல்ல தண்ணீரில் போட்டு அரை நாள் விடுங்கள். சிவப்புப் பாசியின் நிறமி நீரில் கரைவது, ஆகவே தண்ணீர் ரோஜா நிறமாகும். பழுப்புப் பாசியிலிருந்து அப்படி வராது. கரையில் இரண்டு மூன்று நாள் கிடந்து வெளுத்துப்போன சிவப்புப் பாசியில் நிறமி முன்பே போயிருக்கும், அதனால் புதிதாகப் பறித்த துண்டில்தான் இதைச் செய்ய வேண்டும். இன்னும் சந்தேகமென்றால் துண்டை ஆல்கஹாலில் நிறம் போகும்வரை வைத்து, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். பச்சைப் பாசி கருநீலமாகும், சிவப்புப் பாசி செம்பழுப்போ ஊதாவோ ஆகும். பழுப்புப் பாசியில் மாவுச்சத்து இல்லை, அயோடினின் மஞ்சள் மட்டும் ஒட்டியிருக்கும்.

சேகரிப்பில் நடக்கும் தவறுதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுக்கிறது. இலையைக் கிள்ளி எடுத்து வந்தால் பெயர் சொல்லவே முடியாது. அடிப்பற்றோடு முழுச்செடியும் வேண்டும். பிளேடை அடியில் விட்டுப் பாறையோடு சுரண்டி எடுங்கள். ஒரே இடத்தில் சிறியது, பெரியது, காய்த்தது (இனப்பெருக்க உறுப்பு வந்தது) என மூன்று நான்கு செடி எடுப்பது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றும். நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் நீருக்கடியில் பார்க்கும் முகமூடி அணிந்து இடுப்பளவு நீரில் பார்ப்பதற்கும் தயாராகப் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கியிருக்கும், வடகிழக்கில் பாக் விரிகுடாப் பக்கம் கலங்கியிருக்கும். கலங்காத பக்கத்தில் பறியுங்கள், கலங்கிய பக்கத்தில் ஒதுங்கியதைப் பொறுக்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலையையும் தொடக் கூடாது. கற்றுக்கொள்ளப் பெருநிலக் கரையில் கிடைப்பதே தாராளம்.

இனி வடிவத்தால் கூட்டம் பிரியுங்கள்: விசிறி, பிளவுபட்ட நாடா, பையும் வலையும் குழலும், இலையும் காற்றுப்பையும் உள்ள செடி, நூல். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் வேலை.

விசிறி என்றால் பெரும்பாலும் பாடினா. அடையாளம் மூன்று: விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும், விளிம்புக்கு இணையாக வரிவரியாக மயிர்க் கோடுகள் ஓடும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். நம் கரையில் இப்படிச் சுண்ணம் படியும் பழுப்புப் பாசி வேறு இல்லை, ஆகவே பேரினத்தில் சந்தேகமே வராது. விசிறிபோல் இருந்து, விளிம்பு சுருளாமல், நுரைக்காமல், கரும்பழுப்பாகப் பவளக்கல்லில் ஒட்டிக் கிடந்தால் அது லோபோபோரா. அதை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரே வரிசைப் பெரிய செல்களும் இருபுறமும் சிறிய செல் அடுக்குகளும் தெரியும். பழைய பட்டியல்களில் எல்லாம் லோபோபோரா வேரிகேட்டா என்றே இருக்கும். அந்தப் பெயரை முதலில் வைக்க அடிப்படையான மூல மாதிரி கரீபியன் கடலைச் சேர்ந்தது. மரபணு ஆய்வுகள் வந்தபின் ஒன்று என்று நினைத்தது பல சிற்றினங்களாகப் பிரிந்துவிட்டது. வெளித்தோற்றத்தை வைத்து இங்கே கிடைப்பதற்கு அந்தப் பெயரை எழுதாதீர்கள், லோபோபோரா என்று மட்டும் எழுதுங்கள்.

பாடினாவில் சிற்றினம் சொல்ல அடுக்கை எண்ண வேண்டும். இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விசிறியின் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு செ.மீ. அகலத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை வெட்டுங்கள். நுரை அடங்கும்வரை வினிகரில் வைத்து, கடல்நீரில் அலசுங்கள். சுண்ணாம்பு போகாமல் வெட்டினால் பிளேடு வழுக்கும், செல்கள் நசுங்கும். பட்டையை விளிம்புப் பகுதி, நடு, அடி என மூன்றாக்குங்கள். ஒரு கேரட் துண்டைப் பாதி பிளந்து, பாசித் துண்டை இடையில் செருகி, கேரட்டையும் பாசியையும் சேர்த்து மெல்லிசாகச் சீவுங்கள். பத்துச் சீவலில் இரண்டு மூன்றுதான் தேறும், அது போதும். கடல்நீர்ச் சொட்டில் வைத்துக் கவர்சிலிப் மூடிப் பாருங்கள்.

நம் பக்கம் மிகுதியாகக் கிடைக்கும் பாடினா டெட்ராஸ்ட்ரோமாட்டிகாவில் விளிம்பருகே 2 அடுக்கு, கீழே வரவர 4 அடுக்கு. இதை இப்போது பாடினா ஆன்டிலாரம் என்ற முந்தைய பெயருக்குள் சேர்க்கிறார்கள், எந்தப் பெயரைப் பின்பற்றுகிறீர்கள் என்று குறித்துவிடுங்கள். பாடினா போர்கெசெனியையில் விளிம்பருகே 2, நடுவிலும் அடியிலும் 3. ஜிம்னோஸ்போராவில் அடிப்பகுதி நான்கைத் தாண்டி 6, அதற்கு மேலும் போகும். எண்ணிக்கை தவறுவது இரண்டு இடத்தில். சுருண்ட விளிம்பை அப்படியே வெட்டினால் மடிப்பு இரண்டாகத் தெரியும், 2 அடுக்கு 4 ஆகிவிடும். எனவே சுருளை நறுக்கித் தள்ளிவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலோ வேரிழைகள் கம்பளிபோல் படர்ந்திருக்கும், அந்த இழைகளையும் அடுக்காக எண்ணிவிடுவார்கள். செவ்வகச் செல்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

அடுக்கோடு ஸ்போர்த் திட்டுகளையும், அதாவது இனப்பெருக்கச் செல்களான ஸ்போர்கள் உருவாகும் கரும்புள்ளிக் கூட்டங்களையும், பாருங்கள். டெட்ராஸ்ட்ரோமாட்டிகாவில் ஒவ்வொரு மயிர்க் கோட்டுக்கும் இருபுறமும் கரும்புள்ளி வரிசை ஓடும், அவற்றின்மேல் சவ்வு மூடி இருக்காது. போர்கெசெனியையில் திட்டுகளைக் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும், லென்சைச் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். 3 அடுக்கும் சவ்வும் சேர்ந்து வந்தால் நம்பிக்கையோடு பெயர் எழுதலாம், ஒன்று மட்டும் வந்தால் வேறு செடியில் இன்னொருமுறை பாருங்கள். பாடினா கூட்டத்தின் அடியில் கயிறுபோல் கிளைத்துப் படர்ந்த ஏதாவது கிடைத்தால் புதுப் பாசி என்று தனியாக வைக்க வேண்டாம். அது பாடினாவின் படரும் நிலை, முன்பு வாகனியெல்லா என்று தனிப் பேரினமாகவே எண்ணப்பட்டிருந்தது.

நாடாக்களில் முதல் கேள்வி நடுநரம்பு உண்டா என்பது. இருந்தால் டிக்டியாப்டெரிஸ். இல்லையென்றால் நுனியைப் பாருங்கள். டிக்டியோட்டாவின் ஒவ்வொரு நுனியிலும் குவிமாடம்போல் ஒரே ஒரு பெரிய செல் இருக்கும், குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெளிவாகத் தெரியும். ஸ்டோகோஸ்பெர்மம், ஸ்பேட்டோகிளாசம் இரண்டிலும் நுனியில் வரிசையாகப் பல செல்கள். நுனியை மீன் கடித்திருந்தால் இந்தச் சோதனை தோற்கும், அதனால் வளரும் இளநுனி நாலைந்தைப் பாருங்கள். டிக்டியோட்டாவின் வெட்டில் நடுவே ஒரு வரிசைப் பெரிய செல், இருபுறமும் ஒவ்வொரு வரிசைச் சிறிய செல், மொத்தம் மூன்றே அடுக்கு. ஸ்டோகோஸ்பெர்மத்தை லென்சே காட்டிக் கொடுத்துவிடும்: ஸ்போர்த் திட்டுகள் இரு விளிம்புக்கும் இணையாகத் தொடர்ச்சியான கருங்கோடாக ஓடும். இதைப் பழைய நூல்களில் மார்ஜினேட்டம் என்றும் இப்போது பாலிபோடியாய்டிஸ் என்றும் பார்ப்பீர்கள். ஸ்பேட்டோகிளாசம் ஆஸ்பெரம் தடித்த, அகன்ற நாடா. விளிம்பில் ஒழுங்கில்லாத பற்கள், திட்டுகளோ பரப்பெங்கும் சிதறிக் கிடக்கும்.

டிக்டியோட்டாவுக்குள் சிற்றினம் பிரிப்பது கடினம். விளிம்பில் முக்கோணப் பற்கள் இருந்தால் சிலியோலேட்டா. பிளவின் இரு கிளையும் சமமில்லாமல், ஒன்று கொம்புபோல் வளைந்து நின்றால் செர்விகார்னிஸ் பக்கம் போங்கள். இரண்டும் இல்லாமல் சீராகப் பிளந்த நாடாவுக்கெல்லாம் டைகோடோமா என்று எழுதும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. டைகோடோமா ஐரோப்பியக் கரையிலிருந்து விவரிக்கப்பட்டது, வெப்பமண்டலப் பதிவுகள் பலவும் வேறு சிற்றினங்களுக்குரியவை. நீருக்கடியில் நீலப்பச்சையாக மின்னுவதைப் பார்த்துவிட்டுப் பச்சைப் பாசி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம், டிக்டியோட்டாவில் அந்த மினுமினுப்பு சாதாரணம், வெளியே எடுத்ததும் மறைந்துவிடும்.

பை வகைகள் எளிது. கோல்போமீனியா சினுவோசா உள்ளே வெறுமையான, சுருக்கங்களுள்ள பை, அகலமான அடியால் பாறையிலோ வேறு பாசியின்மேலோ ஒட்டியிருக்கும். ஹைட்ரோகிளாத்ரஸ் வட்ட ஓட்டைகள் நிறைந்த வலை, ஓட்டைகளின் ஓரம் உள்நோக்கி மடிந்திருக்கும். இளம் ஹைட்ரோகிளாத்ரஸில் ஓட்டை விழுந்திருக்காது, அப்போது கோல்போமீனியாபோலவே இருக்கும். அதனால் ஒன்றிரண்டு செ.மீ. அளவுள்ள பையை மட்டும் வைத்துப் பெயர் வைக்காமல் பக்கத்தில் வளர்ந்தது என்ன என்று பாருங்கள். மெல்லிய, வழுவழுப்பான, கிளைத்த குழலாக இருந்தால் ரோசென்விஞ்சியா. அதேபோல் கிளைத்து, வெட்டினால் உள்ளே நிறைந்திருந்தால் நூஸ்போரா. இந்த இரண்டையும் விரலால் நசுக்கியே பிரிக்கலாம்.

மிகப் பெரிய சிக்கல் சர்காசம். பாசி எடுக்கும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்வது இதைத்தான். ஏறக்குறைய ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை டர்பினேரியாவோடு சேர்த்து ஆல்ஜினேட் (பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) ஆலைகளுக்காக எடுப்பார்கள், செடி நன்கு வளர்ந்து காய்த்திருக்கும் பருவமும் பெரும்பாலும் அதுதான். சர்காசத்துக்குப் பெயர் சொல்லக் காய்த்த செடி வேண்டும். இலை, காற்றுப்பை, இனப்பெருக்கக் கிளை மூன்றும் தனித்தனி உறுப்புகள். காற்றுப்பையும் இனப்பெருக்கக் கிளையும் இலைக் கக்கத்தில் இருக்கும். இனப்பெருக்கக் கிளை சிறு விரல் கொத்துபோல், பரப்பில் ஊசித்துளைகளோடு இருக்கும். அது இல்லாத மாதத்தில் எடுத்த செடியை வைத்துக்கொண்டு முட்டிமோதுவதில் பயனில்லை. அதே பாறையைக் குறித்துவைத்து, காய்க்கும் பருவத்தில் மறுபடி எடுங்கள்.

இன்னொரு தொல்லை, ஒரே செடியில் அடியிலை ஒரு மாதிரி, நுனியிலை வேறு மாதிரி. அடியில் அகலமாகவும் மேலே குறுகியும் இருக்கும். அடி, நடு, நுனி மூன்றிலிருந்தும் ஐந்தைந்து இலை எடுத்து நீள அகலம் அளந்து எழுதுங்கள். கூடவே இவற்றையும் குறியுங்கள்: நடுநரம்பு நுனிவரை போகிறதா, இலைமேல் தெரியும் மயிர்க்குழிப் புள்ளிகள் வரிசையாக உள்ளனவா சிதறியுள்ளனவா, தண்டு உருளையா தட்டையா, மழமழப்பா முள்ளா, காற்றுப்பை உருண்டையா நீளமா, அதன் முனையில் கூர் உண்டா.

இந்தக் குறிப்புகள் கையில் இருந்தால் நம் பக்கத்துச் சர்காசங்கள் ஓரளவு பிரிந்துவிடும். சர்காசம் வைட்டியை என்பது நீண்டு குறுகிய இலையுடையது, நடுத்தண்டிலையில் 5 முதல் 8 செ.மீ. நீளம் சாதாரணம், காற்றுப்பை பெரியது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் அமைந்த இதை ஸ்வார்ட்சியையோடு சேர்ப்பவர்களும் உண்டு. இலிசிஃபோலியம் அகன்ற, கரடுமுரடான பல்லுள்ள இலையோடு இருக்கும். சில இலைகளில் நுனி இரண்டாகப் பிரிந்து கிண்ணம்போல் ஆகும். அந்தக் கிண்ண இலை ஒன்றை மட்டும் பார்த்தால் டர்பினேரியா என்று தோன்றும், மற்ற தட்டை இலைகளையும் பார்த்தால் குழப்பம் தீரும். டெனெர்ரிமம் இலை மெல்லிசு, ஒளி ஊடுருவும், வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் கருப்பாகத் துல்லியமாகத் தெரியும். பாலிசிஸ்டத்தில் சிறிய காற்றுப்பைகள் ஏராளம், தண்டெங்கும் குட்டி முட்கள், அவற்றில் சில ஒய் எழுத்துபோல் பிளந்திருக்கும். விரலை மெல்ல ஓட்டினாலே சொரசொரக்கும். அடியில் சில கிளைகள் வேர்போல் மாறிப் பாறையைப் பற்றும். பழைய இந்தியப் பட்டியல்களில் உள்ள மிரியோசிஸ்டமும் இதுதான் என்று கொள்கிறார்கள்.

இணையத்தில் சர்காசம் என்று தேடினால் வரும் படங்களில் பாதி அட்லாண்டிக்கில் மிதக்கும் நாட்டன்ஸ், ஃபுளூயிட்டன்ஸ் இரண்டும்தான். 2011 முதல் கரீபியன் கரைகளை மூடுவது அவை. அவற்றுக்கு அடிப்பற்றே கிடையாது, வாழ்நாள் முழுதும் மிதப்பவை. நம் கரையில் குவியலாக ஒதுங்குவது பாறையிலிருந்து பிய்ந்து வந்தது. குவியலைக் கிளறினால் தட்டு அல்லது கூம்பு வடிவ அடிப்பற்றுகள் கிடைக்கும், அறுந்த தண்டுமுனையும் தெரியும். அந்த இரண்டு பெயரையும் இங்கே எழுத இடமே இல்லை.

டர்பினேரியாவை இங்கே பக்கோடா பாசி என்பார்கள். எக்காளம்போல் விரிந்த தடித்த இலை, காற்றுப்பை தனியாக இல்லாமல் இலைக்குள்ளேயே புதைந்திருக்கும். மூன்று சிற்றினத்தைப் பிரிக்க இலையை மேலிருந்து பாருங்கள். விளிம்பில் மட்டும் ஒரு வரிசைப் பல், காம்பு நீண்டு மெலிந்து உருண்டிருந்தால் கோனாய்டிஸ். விளிம்புப் பல்லுக்கு உள்ளே, குழிந்த முகத்தில், இன்னொரு வளையமாகப் பற்கள் கிரீடம்போல் நின்று, காம்பு குட்டையாகத் தடித்திருந்தால் ஆர்னேட்டா. இலை முக்கோணக் கூம்பாக, மூன்று மூலையும் சிறகுபோல் காம்பு வழியே இறங்கினால் டெகரன்ஸ். ஆர்னேட்டாவின் உள்வளையம் இளம் இலைகளில் முழுதாக வராது, அதனால் செடியின் நடுப்பகுதி முதிர்ந்த இலைகளில்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சர்காசம்போலத் தோன்றி ஏமாற்றுபவை இரண்டு. காற்றுப்பைகள் இரண்டு மூன்றாகக் கிளையிலேயே மணி கோத்ததுபோல் தொடர்ந்தால் சைரோஃபைசாலிஸ் டிரைனோடிஸ், பழைய பெயர் சிஸ்டோசைரா. செடி முழுக்க மூன்று சிறகுள்ள, விளிம்பு பல்லாக வெட்டுப்பட்ட கண்டங்களாக இருந்து, காற்று அந்தக் கண்டங்களுக்குள்ளேயே அடைந்திருந்தால் ஹார்மோஃபைசா. பழைய இந்தியக் கட்டுரைகளில் டிரைகுவெட்ரா, இப்போது கியூனிஃபார்மிஸ்.

நூல் வகைகளுக்கு மைக்ரோஸ்கோப் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. ஒரு சோதனை மட்டும் உடனே உதவும்: துணி வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டு விட்டால் ஸ்பேசிலேரியாவின் செல்சுவர் கருத்துவிடும், எக்டோகார்பஸ் வகைகளில் அப்படி ஆகாது. ஸ்பேசிலேரியாவில் நுனியில் ஒரு பெரிய கருத்த செல் இருக்கும், சிற்றினத்தைப் பரவல் மொட்டின் (உதிர்ந்து புதுச்செடியாகும் சிறு கிளையின்) வடிவம் சொல்லும்: தடித்த முக்கோணம் என்றால் டிரிபுலாய்டிஸ், மெலிந்த கவைக் கரங்கள் என்றால் ரிஜிடுலா. எக்டோகார்பஸில் பசுங்கணிகம் (செல்லுக்குள் நிறமி இருக்கும் உறுப்பு) நாடா வடிவம், ஹின்சியாவிலும் ஃபெல்ட்மேனியாவிலும் வட்டத் தட்டுகள். இதை உயிருள்ள மாதிரியில், அன்றே பார்க்க வேண்டும். ஃபார்மலினில் போட்டபின் கணிகத்தின் வடிவம் கலைந்துவிடும்.

பாதுகாப்பதில் வரிசை முக்கியம். கரையிலேயே சுத்தமான நுனித்துண்டு இரண்டு மூன்று செ.மீ. நறுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள். எப்போதாவது மரபணு பார்க்க வேண்டியிருந்தால் அது ஒன்றுதான் பயன்படும், ஃபார்மலின் பட்ட பாசி பெரும்பாலும் அதற்கு உதவாது. அடுத்து, வெட்டிப் பார்க்க ஒரு செடியை 5 விழுக்காடு ஃபார்மலினில் வையுங்கள்: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் 19 பங்கு. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலந்து, புட்டியை இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். மூன்றாவது, முழுச்செடியை அழுத்தித் தாளில் ஒட்டுவது. தட்டில் கடல்நீர் விட்டு, தாளை அடியில் நுழைத்து, செடியை மிதக்கவிட்டுக் கிளை பிரித்து, மெல்லத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், பிறகு பாரம். ஒற்றுத்தாளை முதல் மூன்று நாள் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். டிக்டியோட்டா தானே ஒட்டிக்கொள்ளும். சர்காசமும் டர்பினேரியாவும் ஒட்டாது, காய்ந்தபின் காகிதப் பட்டையால் கட்ட வேண்டும். தடித்த பகுதியைப் பிளேடால் பாதி சீவி எடுத்தால் தட்டையாக அமரும்.

சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்: நாள், இடம், ஆழம், பாறையா பவளமா வேறு பாசியின் மேலா, அலை எப்படி, உயிரோடு இருந்தபோது நிறமும் மினுமினுப்பும், ஒட்டியிருந்ததா ஒதுங்கியதா. பெயருக்கு நேராக, எதைப் பார்த்து அந்தப் பெயர் என்பதையும் ஒரு வரி சேருங்கள்: ‘அடியில் 4 அடுக்கு, சவ்வு இல்லை’ என்பதுபோல். பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் எழுதுமுன் பாசிப் பெயர்களைத் தொகுத்துவைக்கும் ஆல்கேபேஸ் இணையத்தளத்தில் தற்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கும் திட்டும் பார்க்காத பாடினாவுக்குப் பாடினா என்று மட்டும், காய்க்காத சர்காசத்துக்குச் சர்காசம் என்று மட்டும் எழுதி, அந்தச் செடிகளைத் தனி உறையில் வையுங்கள், அடுத்த பருவத்து மாதிரி வந்ததும் அவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம்.